மொட்டை மாடிக்கு ஸ்வெட்டர் வேணுமா?

பழைய பேப்பர் உங்கள் தெருவில் கிலோ என்ன விலைக்குப் போகிறது? தராசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, இல்லையா? போகட்டும். அந்தப் பேப்பர் அதற்கப்புறம் எங்கே போகிறது? கொஞ்சம் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் உறிஞ்சப் போகிறது. கொஞ்சம் சிவகாசியில் வெடியாகிறது. மிச்சம் மில்லுக்குப் போய் மறுபடி பேப்பராக வந்து, மறுபடி நம் தலையெழுத்தைச் சுமக்கிறது.

அமெரிக்காவில் அது வீட்டுக் கூரைக்குள் போகிறது!

என்னோடு பி.காம். படித்த ஒருத்தன் நியூஜெர்ஸியில் வீடு வாங்கியிருக்கிறான். (பெயர் வேண்டாம். அவன் மனைவி பத்திரிகை படிக்கிற ரகம்.) வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். வாசலில் ஒரு வேன். வேனுக்குள் ஒரு மெஷின். மெஷினிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் மாடிப்படி ஏறி, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இருக்கிற பரணுக்குள் நுழைகிறது. உள்ளே முகமூடி போட்ட ஒரு ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, சாம்பல் கலரில் பஞ்சுமிட்டாய் மாதிரி ஏதோ ‘புஸ்ஸ்’ என்று கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்கு!

“என்னடா இது, கொசு மருந்தா?” என்று கேட்டேன்.

“போடா! இன்சுலேஷன். பழைய நியூஸ் பேப்பரை அரைச்சு ஊதறாங்க. இனிமே எனக்குக் குளிர்காலத்துல ஹீட்டர் பில் பாதிதான். நம்ம ஊர்ல இதை ஆரம்பிச்சா என்னடா? அங்கேதான் வெயில் மண்டையப் பொளக்குதே. நீ பார்ட்னர். கணக்கு வழக்கு உன் பொறுப்பு.”

பி.காம். படித்தவனிடம் ‘பார்ட்னர்’ என்று சொன்னால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் போச்சு. நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் ரொம்ப எளிமையானது. அசையாமல் நிற்கிற காற்று மாதிரி சூட்டைத் தடுக்கிற மலிவான சரக்கு உலகத்தில் கிடையாது. பிரச்னை, காற்று அசையாமல் நிற்காது. சூடானால் மேலே ஏறும், குளிர்ந்தால் கீழே இறங்கும், போகிறபோது சூட்டையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். அதைச் சின்னச் சின்ன அறைகளில் பூட்டி வைத்துவிட்டால் தீர்ந்தது. ஸ்வெட்டர் செய்வது அதைத்தான். கம்பளி நம்மைச் சூடாக்குவதில்லை. கம்பளி இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்று நம் சூட்டை வெளியே விடுவதில்லை. கண்ணாடி நாரோ, அரைத்த பேப்பரோ பரணில் ஊதினால் வீட்டுக்கு ஸ்வெட்டர். பேப்பர் பற்றிக்கொள்ளாதா, பூச்சி அரிக்காதா என்றால், அதற்குப் போரான் உப்பு கலக்கிறார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி அமெரிக்காவுக்கு ஜன்னி கண்டது. அதற்கப்புறம் 1976-ல் அரசாங்கமே ஏழை வீடுகளுக்கு இந்த மாதிரி வேலைகளைச் செய்துகொடுக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. இன்றைக்கு அங்கே இது நம்ம ஊர் வெள்ளையடிப்பு மாதிரி சாதாரணம்.

சரி, நம்ம ஊருக்கு இது புதுசா? அங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது.

சென்னை மெரினாவில், திருவல்லிக்கேணிப் பக்கம் உருண்டையாக ஒரு கட்டடம் இருக்கிறதே, விவேகானந்தர் இல்லம்... அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டியது. கட்டியவர் பாஸ்டன்காரர், பிரெடரிக் ட்யூடர். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துபோகும். அதைப் பாளம் பாளமாக அறுத்து, கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் என்று வெள்ளைக்கார துரைகளின் கிளாஸுக்கு சப்ளை! முதல் சரக்கு 1833 மே மாதம் பாஸ்டனில் 180 டன்னாகக் கிளம்பியது. செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம். ஃப்ரிட்ஜ் கிடையாது, கரண்ட் கிடையாது, நாலு மாசம் வெயில். இங்கே சைக்கிளில் குச்சி ஐஸ் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனால் குச்சிதான் மிஞ்சுகிறது!

ரகசியம்? மரத்தூள். அமெரிக்க மர அறுவை மில்களில் குப்பையாகக் கிடந்த தூள். பாளங்களைச் சுற்றி அதை அடைத்து விட்டார்கள். அதற்குள் அடைபட்ட காற்று காவல் காத்தது. தோரோ எழுதிய ‘வால்டன்’ புத்தகத்தில் மெட்ராஸ் பெயர் வருவது இதனால்தான். அவர் வீட்டுப் பக்கத்துக் குளத்திலும் ஐஸ் வெட்டினார்கள். பிற்பாடு நீராவி மெஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கினார். 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கியதால் இன்றைய பெயர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் ஹவுஸ்கள் இப்போது இல்லை. நம்முடையது மட்டும் நிற்கிறது. அந்த வழியாக பஸ்ஸில் போகிறபோது ஒரு சலாம் போடுங்கள்.

சின்ன வயதில் சோடாக் கடையில் பார்த்திருப்பீர்களே... மரப் பெட்டிக்குள் உமியோ மரத்தூளோ கொட்டி, கோணி சுற்றி ஐஸ் பாளத்தைப் புதைத்து வைத்திருப்பார்கள். அதே டெக்னிக்தான். ஆக, சரக்கு நமக்குத் தெரிந்தது. பரண்தான் இல்லை. அமெரிக்கன் வீட்டில் சாய்ந்த கூரை, அதற்குக் கீழே சீலிங், நடுவே ஆள் தவழ்கிற இடம். நமக்கு? தலைக்கு மேலே கான்கிரீட் தளம். அதற்கு மேலே நேராகச் சூரிய பகவான். எங்கே ஊதுவது?

இதை நேரில் பார்க்கத்தான் பெருநகர் போனேன்.

*

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி பஸ்ஸில் ஏறி மாகறல் தாண்டினால், செய்யாற்றங்கரையில் பெருநகர். உத்திரமேரூர் தாலுகா. பிரம்மபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் எல்லாம் புறப்பட்டு வந்து ஆற்றில் கூடுவார்கள். அந்த ஒருநாள் தவிர மற்ற நாளெல்லாம் ஆறு பெரும்பாலும் மணல்தான்.

அங்கே என் சித்தப்பா வீடு. ஏழு வருஷத்துக்கு முன்னால்வரை நாட்டு ஓடு வேய்ந்த வீடு. மூங்கில் மேல் ஓட்டை ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கு அடுக்கியிருப்பார்கள். அடுக்குக்கு நடுவே காற்று. மே மாதத்தில்கூட உள்ளே போனால் ‘அப்பாடா’ என்றிருக்கும். ஆனால் குரங்கு ஓடினால் ஓடு போச்சு; மழை பெய்தால் வீடு முழுக்கச் சட்டி பானை. அதைப் பிரித்துவிட்டு 600 சதுர அடியில் மெத்தை வீடு கட்டினார். (எங்கள் பக்கம் தளம் போட்ட வீட்டை மெத்தை வீடு என்பார்கள். அதில் படுத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயராக இருக்க முடியாது.)

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆயா பிடித்துக்கொண்டாள். எண்பது தாண்டியவள்.

“வாடா சாமி. மெத்த ஊடு, மெத்த ஊடுன்னு ஆசப்பட்டு என்ன அடுப்புக்குள்ள படுக்க வெச்சிட்டான் உங்க சித்தப்பன். ராவெல்லாம் மேல இருந்து நெருப்பு கொட்டுது.”

கேலி இல்லை. அதற்கு முந்தைய மே மாதம் ஆயா ராத்திரி பதினொரு மணிக்கு உள் ரூமில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். “இந்த வயசுல உடம்பு சூட்டைத் தாங்காது, குளிர்ச்சியான ரூம்ல படுக்க வைங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் கயிற்றுக் கட்டில் போடலாம் என்றால், ஒரு தடவை கட்டுவிரியன் பார்த்ததிலிருந்து அவளுக்குப் பயம். சித்தப்பா 45 ஆயிரம் கடன் வாங்கி ஏ.ஸி. போடுவதாக முடிவு செய்திருந்தார். கடைக்காரர் போனில் ஆஃபர் முடிகிற தேதியை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

“டேய், நீதான் கணக்கு படிச்சவனாச்சே, வாங்கலாமா, வேணாமா, சொல்லு” என்றார் சித்தப்பா.

கணக்கு என்று வந்தால் சும்மா இருப்பேனா? அவர் வீட்டு ஈ.பி. கார்டை எடுத்தேன். இரண்டு மாசத்துக்கு 180 யூனிட். 100 யூனிட் 2016-லிருந்து இலவசம். 2022 செப்டம்பர் ரேட்டில் மீதி 80 யூனிட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. ஆக பில் 180 ரூபாய். ஒரு ராத்திரிக்கு ஏ.ஸி. 8 யூனிட் இழுத்தால், 60 நாளைக்கு 480. மொத்தம் 660. இங்கேதான் சூட்சுமம். 500-ஐத் தாண்டினால் வேறு பட்டியல். அதில் கீழ்ப்படி யூனிட்டுக்கே ரேட் ஏறிவிடும். கூட்டிப் பார்த்தேன்: 3,290 ரூபாய்! யூனிட் மூன்றே முக்கால் மடங்கு கூட ஆகவில்லை, பணம் பதினெட்டு மடங்கு. அதற்கப்புறம் 2024 ஜூலையில் ரேட் இன்னும் ஏறியது வேறு கதை.

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ‘ஏ.ஸி. வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நான் மெட்ராஸுக்கு பஸ் ஏறிவிட முடியாது. அடுத்த மே மாதம் ஆயாவுக்கு என்ன பதில்?

*

கான்கிரீட்டைப் பற்றி ஒரு உண்மை சொல்கிறேன், ஹவுஸிங் லோன் வாங்கியிருப்பவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும். நாலு அங்குல கான்கிரீட் தளம் சூட்டைத் தடுக்கிற அளவு, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தெர்மாகோல் தடுக்கிற அளவுதான்! கல்யாண மேடையில் பேர் வெட்டி ஒட்டுகிறார்களே, அந்தத் தெர்மாகோலைக் கத்தியால் சீவினால் வருகிற மெல்லிசு ஏடு. அவ்வளவு லட்சம் கொட்டி நாம் தலைக்கு மேல் வைத்திருப்பது அதைத்தான்.

தடுக்காதது மட்டுமா? சேர்த்து வேறு வைக்கும். மத்தியானம் உச்சி வெயிலில் தளத்தின் மேல்பக்கம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, நாம் ஆபீஸ் விட்டு பனியனைக் கழற்றுகிற நேரத்துக்குச் சரியாக சீலிங்குக்கு வந்து சேரும். அப்போது ஃபேன் போட்டால் சீலிங்கில் ஒட்டியிருக்கிற சுடுகாற்றை நம் தலையில் இறைக்கும். போதாததற்கு, சீலிங்கே இஸ்திரிப் பெட்டி மாதிரி நம் மேல் கதிர் வீசும். ஆயா சொன்ன ‘மேல இருந்து நெருப்பு கொட்டுது’ கவிதை இல்லை, பௌதிகம்.

2018-ல் மத்திய அரசு வீடுகளுக்கென்று ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. கூரை வழியாக இவ்வளவு சூட்டுக்கு மேல் இறங்கக்கூடாது என்று அதில் ஒரு உச்சவரம்பு உண்டு. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உள்ளே விடும். நம் தெருவில் வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்கிறீர்கள்?

கொடுமை என்னவென்றால், நம் பாட்டன்களுக்கு இது தெரிந்திருந்தது. மெட்ராஸ் டெரஸ் பார்த்திருக்கிறீர்களா? தேக்கு உத்திரம், அதன் மேல் மெல்லிசுச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டு ஓடு. கனமான கூரை. சூடு கீழே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று.

கான்கிரீட் வந்தபிறகும் செங்கல் ஜல்லிச் சுருக்கியும் தட்டு ஓடும் விடாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது? “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று முதலில் வெட்டுகிற செலவு அதுதான். சித்தப்பா வீட்டு மேஸ்திரி சொன்னார்:

“நான் அப்பவே சொன்னேன் தம்பி. சுருக்கி போட்டு ஓடு பதிச்சிடலாம், பாதி சூடு எறங்கிடும்னு. சித்தப்பாதான் வாசல்ல கிரானைட் போடணும்னுட்டாரு.”

சித்தப்பா அப்போது மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். (பாதி சூடு என்பது மேஸ்திரி கணக்கு. அவ்வளவு இறங்காது. ஆனால் கணிசமாக இறங்கும்.)

அரசாங்கத்தையும் சும்மா விட முடியவில்லை. குடிசைகளை மாற்றிக் கான்கிரீட் வீடு தருகிறோம் என்று 2010-ல் ஒரு திட்டம், 2011-ல் சோலார் விளக்கோடு பசுமை வீடு, 2024-ல் கனவு இல்லம். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. கூரை வீடு ஒரு தீப்பொறியில் போய்விடும். வருஷா வருஷம் கீற்று மாற்றக் காசு வேண்டும். அதில் குடியிருந்து பார்க்காதவர்கள்தான் ‘ஆஹா, குடிசையின் குளுமை’ என்று எழுதுவார்கள். ஆனால் கீற்றும் வைக்கோலும் இலவசமாகத் தந்துகொண்டிருந்த இன்சுலேஷன் அந்த வீடு மாறும்போது காணாமல் போகிறதே, அதற்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி வேண்டாமா? சுண்ணாம்பு என்ற ஒரு வரி?

சுண்ணாம்பு என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

*

சூட்டைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, உள்ளே வந்த சூட்டை வழியில் மறிப்பது. அது ஸ்வெட்டர். இன்னொன்று, சூடு விழும்போதே திருப்பி அனுப்புவது. அது குடை. குளிர் தேசத்துக்காரனுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். நமக்குக் குடைதான் முதலில். ஏ.ஸி. இல்லாத வீட்டுக்குக் குடையில் இன்னொரு லாபம் உண்டு. ராத்திரி தளம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர வேண்டும். மேலே கனமாக ஸ்வெட்டர் போட்டுவிட்டால் அந்த வழியும் அடைபடும். குடை அதைத் தடுக்காது. ஏ.ஸி. ஓடுகிற வீடென்றால் ஸ்வெட்டரும் வேண்டும், அதுவும் தளத்துக்கு மேல் பக்கம்.

வெள்ளை நிறம்தான் குடை. சிமெண்ட் சாம்பல் கலர் தளம் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். புது வெள்ளைப் பூச்சு பத்தில் ஏழு, எட்டு பங்கைத் திருப்பி வீசிவிடும். ‘கூல் ரூஃப்’ என்று இங்கிலீஷில் சொன்னால்தான் நமக்கு மரியாதை வருகிறது. அகமதாபாத்தில் 2017-ல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்து, பெரிய வீடுகளுக்குக் கட்டாயம் என்றது.

சித்தப்பா நம்பவில்லை. “வெள்ளையடிச்சா சூடு போயிடுமா? போடா டேய்! நம்ம ஊரு பள்ளிக்கூடம்கூட வெள்ளையாத்தான் இருக்குது” என்றார்.

“அது சுவர் சித்தப்பா. நான் சொல்றது மேல்தளம்.”

கடைசியில் ஒரு உடன்பாடு. பாதித் தளத்துக்கு மட்டும் அடிப்பது. ஆயா படுக்கிற உள் ரூமுக்கு மேலே வெள்ளை. ஹாலுக்கு மேலே பழையபடி. ஒரே வீடு, ஒரே வெயில், ஒரே நாள். ஆடிட்டருக்கு இதைவிட நல்ல வவுச்சர் கிடைக்காது!

மேஸ்திரி கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்தார். பசை சேர்க்காவிட்டால் முதல் மழையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும். தளத்தை நன்றாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மெல்லிசாக மூன்று கோட். (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண் போய்விடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டைலுக்கு வாங்கிய கூலிங் கிளாஸுக்கு இதுதான் நல்ல வேலை.)

இரண்டு நாள் காய்ந்த பிறகு, மெட்ராஸில் ஒரு ஏ.ஸி. மெக்கானிக் நண்பரிடம் இரவல் வாங்கிப் போயிருந்த துப்பாக்கி தெர்மாமீட்டரை எடுத்தேன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த ஜாதி. மத்தியானம் இரண்டு மணி. சாம்பல் தளம் 61 டிகிரி. இரண்டடி தள்ளி வெள்ளைத் தளம் 45. நான் வாயால் சொன்னதை நம்பாத சித்தப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தார். ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு நடராஜர் மாதிரி நின்றார். எந்தக் கால் என்று சொல்லவேண்டியதில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு உள்ளே. ஹால் சீலிங் 42. ஆயா ரூம் சீலிங் 36. ரூம் காற்றில் இவ்வளவு வித்தியாசம் இல்லை. இரண்டரை, மூன்று டிகிரிதான். ஆனால் நம் உடம்புக்குத் தெரிவது காற்று மட்டுமில்லை, மேலிருந்து வீசுகிற கதிரும்தான். அன்றைக்கு ராத்திரி ஆயா பத்து மணிக்குத் தூங்கிவிட்டாள். நாங்கள்தான் ஹாலில் புரண்டுகொண்டிருந்தோம்.

செலவு? சுண்ணாம்பு, பசை, மேஸ்திரி கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தால் 600 சதுர அடிக்கு 12 ஆயிரம் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார். அது சில வருஷம் தாங்கும். சுண்ணாம்பு வருஷா வருஷம் அடிக்க வேண்டும். பொங்கல் முடிந்து மாசியில் அடித்துவிட்டால் பங்குனி, சித்திரை, வைகாசி ஓடிவிடும். நடுவில் புழுதி படிந்து வெள்ளை மங்கினால் பலனும் மங்கும். துடைப்பத்தால் கழுவிவிட வேண்டும். ஈரத்தில் வழுக்கும். மழைநீர்ச் சேமிப்புக் குழாய் இருந்தால் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

*

நியூஜெர்ஸிக்காரனுக்கு ‘பரண் இல்லாத ஊரில் பார்ட்னர் தேவையில்லை’ என்று எழுதிவிட்டேன். ஆனால் பெருநகரில் ஒரு இடத்தில் ஊதுகிற கதை வந்தது. சித்தப்பாவே கேட்டார், “ரைஸ் மில்லுல உமி மலையாக் கெடக்குது. அத மேல கொட்டி வெச்சா?” கேள்வி சாமானியமில்லை. உமி நல்ல இன்சுலேஷன். தெர்மாகோலுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். அதில் மண் சத்து அதிகம் என்பதால் சீக்கிரம் மக்காது. ஆனால் மொட்டை மாடியில் கொட்டினால் ஐப்பசி மழையில் கஞ்சியாகும். ஈரமானால் உள்ளே இருந்த காற்று போய்த் தண்ணீர் வந்துவிடும். ஸ்வெட்டர் நனைந்தால் என்ன ஆகும்? தவிர எலி. மூடிய பெட்டியாகச் செய்தால் முடியும். அதற்கு ஆகிற செலவில் தட்டு ஓடே பதித்துவிடலாம்.

தளம் போடும்போதே காற்றைப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. லாரி பேக்கர் என்று ஒரு இங்கிலீஷ்காரர், 2007-ல் காலமாகும்வரை கேரளாவில் வீடு கட்டிக்கொண்டே இருந்தார். தளத்தில் கம்பிக்கு நடுவே, கான்கிரீட்டுக்கு வேலை இல்லாத இடத்தில், இரண்டிரண்டு மங்களூர் ஓட்டை ஜோடியாக வைத்து வார்த்துவிடுவார். ஓட்டுக்கு நடுவே காற்று. சிமெண்டும் மிச்சம், சூடும் குறைவு. புதிதாக வீடு கட்டப்போகிறவர்கள் மேஸ்திரியிடம் ‘ஃபில்லர் ஸ்லாப்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார். விவரம் தெரிந்த இன்ஜினியரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு வேறு வைத்தியம். ஷீட்டுக்கு மேலேயும் வெள்ளை அடிக்கலாம். உள்பக்கம், ஷீட்டிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, பளபளவென்று அலுமினியப் பாய் கட்டினால் கதிர் வீசுவது நின்றுவிடும். பளபளப்புதான் அங்கே வேலை செய்கிறது. ஷீட்டோடு ஒட்டிக் கட்டினால் பாதி பலன் போச்சு. சீலிங்கில் தெர்மாகோல் ஒட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். சாதாரணத் தெர்மாகோல் தீப்பிடித்தால் கரும்புகையைக் கக்கும்.

இதை எல்லாம் படித்துவிட்டு, திருவல்லிக்கேணியிலோ குரோம்பேட்டையிலோ மேல்மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் பிரம்மச்சாரி வாசகர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. ஹவுஸ் ஓனரம்மாவிடம் ‘மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டுமா’ என்று கேட்டால், அட்வான்ஸில் கழிப்பீர்களோ என்று சந்தேகப்படுவார். ‘என் செலவு மாமி’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரூமில் நாலு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு சினிமா டிக்கெட் காசுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடித்துவிடலாம். வாடகையை ஏற்றுவாரா என்று கேட்டால், ஏற்றலாம். அதற்குச் சுண்ணாம்பு காரணமாக இருக்காது.

சித்தப்பா மறுவாரமே மீதித் தளத்துக்கும் அடித்துவிட்டார். ஏ.ஸி. கடைக்காரருக்கு ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்று சொன்னாராம். அந்தக் கடன் பணத்தைத் திருப்பிவிட்டு, அறுவடை முடிந்ததும் தட்டு ஓடு பதிக்க மேஸ்திரியிடம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். நான் கிளம்புகிற அன்று மத்தியானம் குழாயில் கைகழுவப் போய், “ஐயோ!” என்று கத்திவிட்டு மாடியைப் பார்த்தார். மேலே கன்னங்கரேலென்று தண்ணி டாங்க்.

“டேய்... அதுக்கும் அடிக்கலாமாடா?”

“அது பிளாஸ்டிக். சுண்ணாம்பு நிக்காது. வெள்ளை பெயிண்ட்தான் அடிக்கணும் சித்தப்பா.”

வாசலுக்கு வாங்கியதில் மிச்சம் அரை டப்பா பெயிண்ட் இருந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்.